காஸ்டிக், கெரசின், கொஞ்சம் சோப்புத்தண்ணி!

"கெரசின் பத்து லிட்டர், காஸ்டிக் சோடா ரெண்டு கிலோ, எமரி ஷீட் நாலு, வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் ஒரு டப்பா, ஷெல்லாக் ஒரு பாட்டில், கேஸ்கெட் டியூப் ரெண்டு, வேஸ்ட் காட்டன் மூணு கிலோ..."

பாய் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே வந்தேன். வருஷ ஆரம்பத்துல எங்க காலேஜ் லேப்ல போடுவாங்களே இன்டென்ட், அச்சு அசலா அதே மாதிரி இருந்தது. ஒரே வித்தியாசம், லேப் லிஸ்ட்டுக்குக் கீழே மேடம் கையெழுத்து இருக்கும். இதுக்குக் கீழே கிரீஸ் கைரேகை!

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி மூணாவது வருஷம். ஊர் தாம்பரம் பக்கம். வீட்டு வாசல்ல 1986-ம் வருஷத்து அம்பாசிடர் மார்க் 4 ஒண்ணு நிக்குது. பெட்ரோல் வண்டி. 1,489 சி.சி., நாலு சிலிண்டர். இங்கிலாந்து பி.எம்.சி. கம்பெனியோட 'பி-சீரீஸ்' இன்ஜின். தாத்தா அதை ஸ்டேஷன் வாசல்ல டாக்ஸியா ஓட்டித்தான் அப்பாவைப் படிக்க வெச்சார், ரெண்டு அத்தைங்களைக் கட்டிக் கொடுத்தார். 2004-க்கு அப்புறம் வீட்டு வண்டி ஆச்சு. போன வருஷம் நீலப் புகை. அப்புறம் ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் ஏறவே மாட்டேன்னு நின்னுடுச்சு. நின்ன பிறகும் தாத்தா தினம் காலையில அதைத் துடைப்பார். எங்கேயும் போகாத வண்டிக்கு என்ன தூசுன்னு பாட்டி கேட்டா, பதில் வராது.

பழைய இரும்புக்காரர் ரெண்டு தடவை வந்து விலை பேசிட்டுப் போயிட்டார். அப்பா ஒரே வார்த்தையில முடிச்சார். "அறுபதாயிரம் தர்றேன். அதுக்கு மேல ஒரு ரூபாய் கிடையாது. பொங்கலுக்குள்ள ஓடலைன்னா இரும்புக்கடை." தாத்தா ஒண்ணும் பேசலை. எழுந்து போய் வண்டியைத் துடைச்சார். அவ்வளவுதான்... அந்த நிமிஷமே நான் இந்த ப்ராஜெக்ட்ல சேர்ந்துட்டேன்.

பாய் தாத்தாவோட பழைய மெக்கானிக். நாற்பது வருஷமா அம்பாசிடர். நான் ஷெட்டுக்குப் போன முதல் நாள், "பாப்பா, நீ அந்த ஸ்டூல்ல உக்காந்து கணக்கு மட்டும் எழுது"ன்னுட்டார். ரெண்டு வாரத்துல ஸ்டூல் காலி! அது எப்படின்னு சொல்றேன்.

இன்ஜின் வேலைன்னா ஸ்பேனர், போல்ட், ஜாக்கின்னுதான் நாம நினைப்போம். பிரிக்கிறதும் மாட்டுறதும் கால்வாசி நேரம்தான் பாஸ். மிச்சம் முக்கால்வாசி கழுவுறதும், தேய்க்கிறதும், ஒட்டுறதும், தடவுறதும். எதால கழுவுறோம், எதைத் தடவுறோம் என்பதுல எல்லாமே கெமிஸ்ட்ரி. பாய் அதைக் கெமிஸ்ட்ரின்னு சொல்ல மாட்டார். "பக்குவம்"னு சொல்வார்.

முதல் சண்டை பெட்ரோல்ல வந்தது. ஷெட்ல வேலை பார்க்கிற பையன் ஒரு தகர டப்பாவுல பெட்ரோல் ஊத்தி, வெறுங்கையால போல்ட் கழுவிக்கிட்டிருந்தான். மூணடி தள்ளி இன்னொருத்தர் பீடி! எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது நெருப்பு காட்டினா பத்திக்கிற அளவுக்கு ஆவி கிளம்புற வெப்பநிலை, கிட்டத்தட்ட மைனஸ் 40 டிகிரி. நம்ம ஊர்ல அது எப்பவுமே ரெடியா இருக்குன்னு அர்த்தம். கெரசினுக்கு அது 35 டிகிரிக்கு மேல. அதனால கெரசின் எவ்வளவோ தேவலை. ஆனா சித்திரை வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள கெரசின் டப்பாவும் அந்தக் கோட்டைத் தாண்டிடும். நாங்க வேலை ஆரம்பிச்சது கார்த்திகை மழையில. தப்பிச்சோம்.

பெட்ரோல்ல இன்னொரு விஷயம் பென்சீன். ரத்தப் புற்றுநோய் தரும்னு உறுதியா தெரிஞ்ச பொருள். நம்ம நாட்டுல இப்போ பெட்ரோல்ல 1 சதவிகிதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. ஒரு தடவை டேங்க் நிரப்புற நமக்கு அது பெரிய விஷயம் இல்லை. முப்பது நாப்பது வருஷம் தினமும் அதுல கை நனைக்கிறவங்களுக்கு?

பாய் கையைப் பார்த்தா தெரியும். விரல் இடுக்குல எல்லாம் வெடிப்பு, வெள்ளை வெள்ளையா. ராத்திரி சாப்பிடும்போது சாம்பார் பட்டா எரியும்னு சாதாரணமா சொன்னார். பெட்ரோல் கிரீஸை மட்டும் கரைக்காது, நம்ம தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கரைச்சுடும். மறுநாளே ஒரு பெட்டி கிளவுஸ் வாங்கிட்டுப் போனேன். அதுலயும் பார்த்து வாங்கணும். டாக்டர் போடுற மாதிரி லேடெக்ஸ் கிளவுஸ், அதாவது இயற்கை ரப்பர், கெரசின் பட்டா ஊதி தளதளன்னு ஆகிக் கிழிஞ்சுடும். நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும், நீலக் கலர்ல கிடைக்கும். பாய் ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு, "நட்டு எது, போல்ட்டு எதுன்னே தெரியலை பாப்பா"ன்னு கழற்றிட்டார். சரி, கையையாவது பெட்ரோல்ல கழுவாதீங்கன்னு தேங்காய் எண்ணெய் கொடுத்தேன். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். முதல்ல தேங்காய் எண்ணெய் தேய்ச்சு கிரீஸை இளக்கிட்டு, அப்புறம் சோப்பு. இதை மட்டும் அவர் ஒத்துக்கிட்டார். (ஷெட் பையன் அதைத் தலைக்கும் தடவிக்கிட்டு வீட்டுக்குப் போறான் என்பது தனிக்கதை!)

கெரசின் இப்போ முன்ன மாதிரி சுலபமா கிடைக்கிறது இல்லை. ரேஷன் கெரசினை இதுக்கு வாங்கவும் கூடாது. பெயின்ட் கடையில விக்கிற மினரல் டர்பன்டைன் அதே வேலையைச் செய்யும். பத்து லிட்டர் கெரசினுக்குப் பதிலா ஏழு லிட்டர் டர்பன்டைன், லிஸ்ட்ல என்னோட முதல் திருத்தம்.

ரெண்டாவது காஸ்டிக் சோடா. நான் சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள பாயே சொல்லிட்டார். "இது பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் மட்டும்தான். பிஸ்டனைப் போட்டா பொங்கிடும். கார்புரேட்டரைப் போட்டா எடுக்கவே ஒண்ணும் இருக்காது." நான் அசந்துட்டேன். சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தோட சேர்ந்தா அலுமினேட் உப்பும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். முதல் வருஷப் பாடம்! வார்ப்பிரும்பை காஸ்டிக் ஒண்ணும் செய்யாது. பி-சீரீஸ்ல பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. அதனால தைரியமா கொதிக்கிற காஸ்டிக் தண்ணியில முக்கலாம். முப்பத்தஞ்சு வருஷ ஆயில் பிசுக்கு எல்லாம் உரிஞ்சு வருது. பிஸ்டன், கார்புரேட்டர், ஃப்யூயல் பம்ப் எல்லாம் அலுமினியம் இல்லேன்னா துத்தநாகக் கலவை. அதுக்கெல்லாம் டர்பன்டைனும் பிரஷ்ஷும்தான். பாய்க்கு இதெல்லாம் எந்த வாத்தியாரும் சொல்லித் தரலை. பதினாலு வயசுல யாரோ ஒருத்தர் பிஸ்டனைப் போட்டுக் கொதிக்க விட்டதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கார்.

நான் சேர்த்தது ரெண்டே விஷயம். தண்ணிக்குள்ளதான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். காஸ்டிக் மேல தண்ணியை ஊத்தினா கொதிச்சு முகத்துல தெறிக்கும். அப்புறம் கண்ணாடி. ஆசிட் கண்ணுல பட்டா உடனே எரிஞ்சு காட்டிக்கொடுக்கும். காஸ்டிக் உள்ளே உள்ளே போய்க்கிட்டே இருக்கும். லேப் கண்ணாடி நாலு வாங்கினேன். பில்லைப் பார்த்த அப்பா, "இது இன்ஜினுக்கா, உனக்கா?"ன்னார். இன்ஜின் கணக்குலதான் எழுதினேன்.

பழைய கேஸ்கெட் சுரண்டுறதுல மட்டும் நான் யாரையும் கேட்கலை, கத்தினேன். அந்தக் காலத்து ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் செம்புத் தகடு, நடுவுல ஆஸ்பெஸ்டாஸ். கிளட்ச் பிளேட்லயும் பிரேக் லைனர்லயும்கூட அதே சமாசாரம். காய்ஞ்சதை எமரி போட்டுத் தேய்ச்சு, கம்ப்ரஸர் காத்துல ஊதிவிட்டா அந்த நார் நேரா நுரையீரலுக்குப் போகும். இருபது முப்பது வருஷம் கழிச்சு வேலையைக் காட்டும். தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மொட்டைக் கத்தியால சுரண்டி, ஒரு கவர்ல போட்டுக் கட்டினோம். புதுசு வாங்கும்போது 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது'ன்னு கேட்டு வாங்கணும். கேட்கலைன்னா கடையில எது கைக்கு வருதோ அது வரும்.

கடைன்னதும் ஜி.பி. ரோடு ஞாபகம் வருது. மவுன்ட் ரோடுல இருந்து பிரிஞ்சு போற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புது ஸ்பேர் பார்ட்ஸ்னா அங்கே. பழசுன்னா புதுப்பேட்டை. ராக்கர் ஷாஃப்ட் ஒண்ணு புதுப்பேட்டையில கிடைச்சது. பிஸ்டன், ரிங், பேரிங் புதுசு. இதுக்குள்ள பிளாக் லேத் பட்டறைக்குப் போயிருந்தது. ஏற்கனவே ஒரு தடவை 20 தவ் போர் போட்ட வண்டி. இந்தத் தடவை 40 தவ். ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. கிராங்க் ஷாஃப்ட்டும் கிரைண்டிங் ஆச்சு. பட்ஜெட்ல பாதி அங்கேயே காலி.

இப்போதான் முக்கியமான இடம். லேத்துல இருந்து பிளாக் வந்தது. சிலிண்டர் உள்சுவர்ல ஹோனிங் போட்டு, குறுக்கும் நெடுக்குமா பொடிப் பொடிக் கோடு. அந்தக் கோட்டுலதான் ஆயில் தங்கும், ரிங் உக்காரும். ஆனா அதே கோட்டுக்குள்ளதான் ஹோனிங் கல்லோட தூளும் இரும்புத்தூளும் ஒளிஞ்சிருக்கும். சிலிக்கான் கார்பைடு தூள் வைரத்துக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவு கடினம். அதோட வண்டியை ஸ்டார்ட் பண்ணா, புது ரிங்கையும் புது பேரிங்கையும் உள்ளேயே சாணை பிடிக்கிற மாதிரி.

பாய் டர்பன்டைன்ல ஒரு துணியை நனைச்சு நாலு சிலிண்டரையும் துடைச்சு, "ஆச்சு"ன்னார்.

"பாய், ஒரு நிமிஷம்"னு தாத்தாவோட பழைய வெள்ளை பனியனைக் கிழிச்சு, ஆயில்ல தொட்டு, உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தேன். சாம்பல் கலர். இன்னொரு தடவை துடைச்சார். மறுபடி பனியன். மறுபடி சாம்பல். பாய் முகம் மாறிடுச்சு. "நாப்பது வருஷமா இப்படித்தான் துடைக்கிறேன் பாப்பா"ன்னார். கோபம் இல்லை அது. வேற ஏதோ.

கரைப்பான் எண்ணெயைக் கரைக்கும். தூளைக் கரைக்காது. எண்ணெய் போனதும் தூள் அப்படியே கோட்டுக்குள்ள படிஞ்சு உக்காந்துடும். அதை அங்கிருந்து தூக்கி வெளியே கொண்டுவரணும்னா சோப்புத் தண்ணிதான் வேணும். சோப்பு மூலக்கூறோட ஒரு முனை எண்ணெய் ஒட்டின தூளைப் பிடிச்சுக்கும், இன்னொரு முனை தண்ணியைப் பிடிச்சுக்கும். ரெண்டும் சேர்ந்து மிதந்து வெளியே வந்துடும். உலகம் முழுக்க ரிங் கம்பெனிக்காரங்க சொல்றது இதைத்தான்... சூடான தண்ணி, துணி துவைக்கிற சோப்பு, நல்ல பிரஷ். ஹைடெக்கா எதுவும் இல்லை.

அம்மாகிட்ட இருந்து துணி சோப்புத்தூளும், பாட்டில் கழுவுற நீள பிரஷ்ஷும் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு பக்கெட் வெந்நீர். ஒரு சிலிண்டருக்குப் பத்து நிமிஷம். நாலாவது சுத்துலதான் பனியன் வெள்ளையாவே வெளியே வந்தது. நான் வெற்றிக் களிப்புல நிமிர்றதுக்குள்ள பாய் என்னைத் தள்ளிட்டு, ஆயில் கேனோட பாய்ஞ்சார். "மழைக்காலம் பாப்பா! அஞ்சு நிமிஷம் விட்டா செங்கல் கலர் ஆயிடும்!" வெறும் இரும்பு, வெந்நீர், கார்த்திகை மாசக் காத்து. அவர் சொன்னது நூத்துக்கு நூறு. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பிளாக்கோட மேல் விளிம்புல லேசா ஒரு பழுப்பு ஓட ஆரம்பிச்சிருந்தது. காத்து அடிச்சு, துடைச்சு, சுவர் முழுக்க ஆயில் தடவினதும்தான் மூச்சு விட்டார்.

அன்னிலேர்ந்து ஸ்டூல் காலி. போன வாரம் வேற ஒருத்தரோட பழைய ஃபியட் பிளாக்குக்கு, நான் இல்லாதப்பவே, பாய் வெந்நீர் வெச்சாராம். பையன் சொன்னான்.

இதே பனியன் டெஸ்ட் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டுக்கும் பொருந்தும். அதுவும் அரைக்கிற தூள்தான். வால்வையும் சீட்டையும் அழகா பொருத்திடும். துளி மிச்சம் இருந்தா வால்வ் கைடை உள்ளேயே அரைச்சுடும்.

வால்வ் சீட்னதும் ஒரு பழைய பாவத்தைச் சொல்லணும். 1921-ல அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோல்ல டெட்ரா எத்தில் லெட் கலந்தா இன்ஜின் 'நாக்' பண்ணாதுன்னு கண்டுபிடிச்சார். அதாவது ஈயம். உலகம் முழுக்க அதைக் கலந்து, எரிச்சு, மூச்சுல இழுத்தோம். குழந்தைகளோட மூளையைப் பாதிக்கிற விஷம் அது. இந்தியாவுல 2000 பிப்ரவரியோட நிறுத்தினாங்க. உலகத்துலயே கடைசியா அல்ஜீரியா நிறுத்தினது 2021-ல! ஆனா அந்த ஈயம் ஒரு வேலையும் செஞ்சுக்கிட்டிருந்தது. எரிஞ்ச பிறகு வால்வ் சீட் மேல மெல்லிசா படிஞ்சு, இரும்பும் இரும்பும் சூட்டுல ஒட்டிப் பிய்ஞ்சு போகாம காப்பாத்திச்சு. ஈயம் போனதும் பழைய இன்ஜின்ல எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு, வால்வ் உள்ளே புதைய ஆரம்பிக்கும். நம்ம வண்டி ஹெட்ல சீட்டுன்னு தனியா எதுவும் இல்லை, வார்ப்பிரும்புலயே வெட்டினது. நாலு எக்ஸாஸ்ட் வால்வும் பள்ளத்துல உக்காந்திருந்தது.

பெட்ரோல்ல ஊத்துற 'லெட் சப்ஸ்டிட்யூட்' பாட்டில் விக்குது. டேங்க் நிரப்பும்போதெல்லாம் மறக்காம ஊத்தணும். தாத்தாவுக்கு மாத்திரை ஞாபகப்படுத்தவே பாட்டி படாத பாடு படறாங்க. ஹெட்டைக் குடைஞ்சு, கடினமான ஸ்டீல் வளையம் நாலு இறக்கிட்டோம். ஒரு தடவை செலவு. அதோட முடிஞ்சது.

ஈயத்துக்குப் பதிலா இப்போ நம்ம பெட்ரோல்ல வந்திருக்கிறது எத்தனால். 2025-ல நாடு முழுக்க 20 சதவிகிதக் கலப்பு வந்தாச்சு. 1986-ல இந்த வண்டியை உருவாக்கினவங்க கனவுல கூட இது கிடையாது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊத வைக்கும், வெடிக்க வைக்கும். தண்ணியை வேற இழுத்து வெச்சுக்கும். டேங்க் அடியில துரு. பெட்ரோல் லீக் ஆகி சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ் ரெண்டு மீட்டர்தான். ஆனா சாதாரண ரப்பர் வேண்டாம், ஃப்ளூரோ எலாஸ்டோமர் உள்பூச்சு இருக்கிறது வேணும்னு நாலு கடை ஏறி இறங்கினேன். ஃப்யூயல் பம்ப் டயஃப்ரமும் புதுசு. இந்த லிஸ்ட்ல நான் விலை பேசாம வாங்கின ஒரே பொருள் அந்த ஹோஸ்.

ஆயில் மேட்டருக்கு வருவோம். 'ஃபுல்லி சிந்தெட்டிக், 5டபிள்யூ-30, லேட்டஸ்ட் கிரேடு'ன்னு கடைக்காரர் அடுக்கினார். விலையும் லேட்டஸ்ட்! நம்ம வண்டிக்கு அது வேண்டாம். காரணம் ரெண்டு. பழைய இன்ஜின்ல இடைவெளி அதிகம், மெல்லிசு ஆயில் நிக்காது. அதைவிடப் பெரிய காரணம் துத்தநாகம். இந்த இன்ஜின்ல கேம் நேரா ஒரு தட்டையான டேப்பட்டைத் தேய்ச்சுக்கிட்டே தூக்கும். புது கார்ல அந்த இடத்துல பல சமயம் உருளை இருக்கும். தேய்க்கிற இடத்துல கேமைக் காப்பாத்துறது ஆயில்ல இருக்கிற ஜிங்க் டைஅல்கைல் டைதயோஃபாஸ்ஃபேட். (பேரை ஒரே மூச்சுல சொல்றவங்களுக்கு ஒரு டீ!) சூட்டுலயும் அழுத்தத்துலயும் அது உடைஞ்சு, இரும்பு மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் போடும். ஆனா அதுல இருக்கிற பாஸ்பரஸ் புது கார்களோட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால 2004-ல வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்துல இருந்து, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகள்ல பாஸ்பரஸ் 0.08 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 20டபிள்யூ-50 மாதிரி தடிமன் கிரேடுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கன்வெர்ட்டரே இல்லாத நம்ம அம்பாசிடருக்கு அதுதான் சரி. பாய் முதல் நாளே "இருபது-அம்பது மினரல் ஆயில்"னுதான் சொல்லியிருந்தார். காரணம் அவர் வேற சொன்னார், "அதுதான் சத்தம் போடாது."

விலை குறைவுன்னு ஒரு கடையில வாங்கின கேனைப் பாய் மூடியைத் தடவிப் பார்த்தே திருப்பி அனுப்பிட்டார். சீல் வளையம் ஒட்டவெச்சது. டூப்ளிகேட். பழைய ஆயிலை வடிகட்டி நிரப்பி விக்கிறாங்களாம். கேன் மூடி, பேட்ச் நம்பர், பில் மூணையும் பார்க்காம ஆயில் வாங்காதீங்க, பைக் வெச்சிருக்கிறவங்களும்தான்.

மாட்டும்போது பேரிங்குக்கு அதே ஆயில். கேமுக்கும் டேப்பட்டுக்கும் மட்டும் மாலிப்டினம் டைசல்ஃபைடு பேஸ்ட், கறுப்பா, மை மாதிரி. கிராஃபைட் போல அடுக்கு அடுக்கா வழுக்கும். ஆயில் மேலே வந்து சேர்றதுக்கு முன்னால முதல் சில நொடி அதுதான் காவல். வீல் கிரீஸை எடுத்து உள்ளே அப்புறவங்க இருக்காங்க. அது ஆயில்ல சரியா கரையாது. ஃபில்டரை அடைச்சுக்கும்.

ஒட்டுற சமாசாரத்துல பாயோட கட்சிதான் நான். எங்க தெரு அண்ணன் ஒருத்தர், "சிலிக்கான் டியூபை நல்லா தாராளமா போடுங்க"ன்னார். வெளியே பிதுங்குற அளவு தெரியும், உள்ளே பிதுங்குறது தெரியாதே? அது காய்ஞ்சு, புழு மாதிரி அறுந்து, ஆயில் பம்ப்போட வலையை அடைச்சா, அறுபதாயிரம் ரூபாய் அரை மணி நேரத்துல கோவிந்தா. அரிசி மொத்தத்துக்கு ஒரு கோடு போதும். அதுலயும் புளிச்ச காடி வாசனை வந்தா அசிட்டிக் ஆசிட் வெளிவிடுற ரகம், அது உலோகத்தை அரிக்கும். இன்ஜினுக்குன்னு நியூட்ரல் ரகம் தனியா இருக்கு. ஹெட் கேஸ்கெட்டுக்கு எதுவும் தடவலை. சுத்தமான முகம், சரியான டார்க், அவ்வளவுதான். டைமிங் கவருக்குப் பழைய பாணியில ஷெல்லாக்.

எதைத் தடவினாலும் நிக்காத ஒரு இடம் உண்டு. பி-சீரீஸ் கிராங்கோட பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. திருகு மாதிரி ஒரு மரை வெட்டி, சுத்தும்போது ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளுற ஏற்பாடு. வண்டி நின்னா அதுவும் நின்னுடும். சொட்டு சொட்டா ஒழுகும். "அம்பாசிடர் ஆயில் சொட்டலைன்னா உள்ளே ஆயில் இல்லைன்னு அர்த்தம்" என்பது பாயோட பொன்மொழி. இதை நிறுத்துறேன்னு யாராவது ஐந்நூறு ரூபாய் டியூப் வித்தா, கும்பிட்டுட்டு வந்துடுங்க.

ரேடியேட்டருக்குள்ள எங்க ஏரியா போர் தண்ணி முப்பது வருஷமா போயிருக்கு. ஹெட்டோட தண்ணிப் பாதையைப் பார்த்தா வெந்நீர் அண்டா அடி மாதிரி சுண்ணாம்பு. வெந்நீர்ல சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஊற வெச்சு, சோடா உப்புத் தண்ணியில அலசி எடுத்தோம். இப்போ டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். 'மெட்ராஸ்ல என்ன பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?'ன்னு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்கு வேண்டியது அதுல கலந்திருக்கிற துரு தடுப்பான். எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் நக்கினா சிறுநீரகம் போய் செத்துடும். ஷெட் வாசல்ல எப்பவும் படுத்திருக்கிற மணிக்காக, சிந்தினதை உடனே தண்ணி ஊத்திக் கழுவினோம்.

அழுக்கு டர்பன்டைன், பழைய ஆயில் எல்லாம் எங்கே போகும்? ஷெட் பின்னால ஒரு மழைநீர்க் கால்வாய் இருக்கு. அதுக்கு மேல சொல்லத் தேவையில்லை. உபயோகிச்ச ஆயில் 2016-ம் வருஷ விதிகள்படி அபாயக் கழிவு. அனுமதி வாங்கின சுத்திகரிப்புக்காரங்களுக்குத்தான் கொடுக்கணும். ஒரு பழைய டிரம்முல சேர்த்து வெச்சிருக்கோம். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருத்தர் வாசக்காலுக்குக் கரையான் மருந்தா பூசக் கேட்டு வந்தார். பாய் கொடுக்கப் போனார், நான் தடுத்தேன். அதுல புற்றுநோய் தர்ற சேர்மங்கள் இருக்கு, வீட்டுக்குள்ள வேண்டாம்னேன். பெரியவருக்கு என் மேல இன்னும் வருத்தம்.

மார்கழி பதினெட்டாம் தேதி ஸ்டார்ட். முதல்ல ஸ்பார்க் ப்ளக்கை எல்லாம் கழற்றிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறுற வரைக்கும் வெறும் செல்ஃப் அடிச்சோம். அப்புறம் ப்ளக் மாட்டி, சாவியைத் தாத்தா கையில கொடுத்தார் பாய். மூணாவது தடவை பிடிச்சது. ஐட்லிங்ல விடக் கூடாது, புது கேமுக்கு ஆயில் சரியா தெறிக்காது. அதனால 2,000 ஆர்.பி.எம்.-ல இருபது நிமிஷம். தெருவே திரண்டுடுச்சு. உள்ளே தடவின ஆயில் எரிஞ்சு முதல்ல வெள்ளைப் புகை. அப்பா என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் சைலன்சர் பின்னால கையை நீட்டி, மோந்து பார்த்து, "ஒண்ணும் இல்லை"ன்னார். ஏழாவது நிமிஷம் புகை நின்னுடுச்சு.

மொத்தச் செலவு 58,740. அதுல ரசாயனம், ஆயில், பசை, கிளவுஸ், கண்ணாடி எல்லாம் சேர்ந்து பதினோராயிரத்துச் சொச்சம். மிச்சம் 1,260 ரூபாயை அப்பாகிட்ட நீட்டினேன். "முதல் ஆயில் சேஞ்சுக்கு வெச்சுக்கோ"ன்னார். இரும்புக்காரர் பேச்சு அதோட நின்னுபோச்சு.

ஐந்நூறு கிலோமீட்டர்ல ஆயில் மாத்தி, ஹெட் நட்டை மறுபடி டார்க் வெச்சுப் பார்க்கணும். வடியிற ஆயில்ல காந்தம் விட்டுப் பார்க்கணும், இரும்புத்தூள் எவ்வளவு வருதுன்னு. இப்போ 312 ஆகியிருக்கு. தாத்தா தினம் காலையில ஸ்டேஷன் வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு வர்றார். வந்ததும் வண்டிக்கு அடியில அட்டை ஒண்ணைத் தள்ளி வைக்கிறார். மறுநாள் காலையில அட்டையை எடுத்துச் சொட்டு எண்றார். நேத்து நாலு.